மினுக்குற பக்கம் உள்ளே

கார் எஞ்சினைத் தண்ணி ஊத்திக் கழுவலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்கு ஒரே பதிலாச் சொல்ல ஆம்பூர்ல ஆள் இல்ல. மெக்கானிக் கழுவலாம்னாரு. பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், நான் பாபின்னு கூப்பிடுறவங்க, கழுவவே கூடாதுன்னாங்க. போன்ல வீடியோ பாத்தா ஒருத்தன் ஓஸ் பைப்பை வெச்சு சரமாரியா அடிக்கிறான், அடுத்தவன் தலையில அடிச்சுக்கிட்டு ஈரத்துணி கூட படக்கூடாதுங்கிறான். எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். நான் காய் நறுக்குனா கூட குறை சொல்ற மனுஷன், அன்னைக்குன்னு பாத்து "உன் இஷ்டம்"னுட்டாரு. ஞாயித்துக்கிழமை காலையில வாளியும் பிரஷுமா வாசல்ல போய் நின்னப்போ எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

ஆனா கழுவித்தான் ஆவணும். வேற வழியில்ல. சக்கரை வியாதியில எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. திங்கள், புதன், வெள்ளி, வாரத்துக்கு மூணு நாள் வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டியாரணும். போறப்போ பஸ்ல ரயில்ல எப்படியோ போயிடலாம். வர்றப்போ முடியாது. மெஷின்லருந்து எழுந்தா மனுஷன் பிழிஞ்சுபோட்ட துணி மாதிரி இருப்பாரு. அதனால அவரு வேலையில இருந்தப்போ பழசா வாங்கின சின்ன காரை நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டேன்னு சொல்றது கூட ஜாஸ்தி. பள்ளிகொண்டா தாண்டுறதுக்குள்ள நாலு லாரிக்காரன்கிட்டயாவது திட்டு வாங்குவேன், நானும் கண்ணாடியை இறக்கித் திருப்பிக் கொடுப்பேன்.

கொஞ்ச நாளா வண்டிக்குள்ள ஒரு கருகல் நாத்தம். எண்ணெய் தீயுற வாடை. எனக்கே குமட்டும். டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற அவருக்கு எப்படி இருக்கும்? வாந்திதான். ஹைவேஸ்ல ஓரமா நிறுத்தி, ஒரு கையால அவரு முதுகைத் தடவிக்கிட்டே இன்னொரு கையால கவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். போன வெள்ளிக்கிழமை வாந்தி எடுத்து முடிச்சுட்டு, வாயைத் தொடைச்சுக்கிட்டு, "எதுக்குடி இதெல்லாம்"னாரு. நாத்தத்தைச் சொல்றாரா, வண்டியைச் சொல்றாரா, வேற எதையாவது சொல்றாரான்னு எனக்கு விளங்கல. "இன்னா எதுக்கு? ஏறி உக்காருங்க"ன்னு அதட்டி உக்கார வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "எங்கயோ எண்ணெய் கசிஞ்சு சூடான பைப் மேல விழுது. எங்கருந்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இவ்ளோ அழுக்கு அப்பிக்கிட்டு இருக்கே"ன்னாரு. பிரஷர் தண்ணி அடிக்கிற எடத்துக்குக் கொண்டுபோவாதீங்கம்மா, பழைய வண்டி தாங்காது, வீட்லயே பதமா கழுவி எடுத்துட்டு வாங்கன்னு ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்தாரு. எஞ்சின் ஆறியிருக்கணும். பேட்டரியில மைனஸ் வயரைக் கழட்டிடணும். கரண்டு போற எடத்தையெல்லாம் தண்ணி போவாம மூடணும். பிரஷ்ல தேய்ச்சு, லேசா தண்ணி தெளிச்சு, தொடைச்சு எடுக்கணும். முடிஞ்சதும் கட்டினதை அவுத்துட்டு ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விடணும். எல்லாத்தையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டேன். எதால மூடணும்னு மட்டும் அவரும் சொல்லல, நானும் கேக்கல.

அவரைத் தூக்கி வாசல்ல நாற்காலியில உக்கார வெச்சேன். நல்ல வெயில். அவரு முகம் கூட அன்னைக்கு ஒரு தெளிவா இருந்துச்சு. "இன்னா, ஆபரேஷனா?"ன்னு கிண்டல் பண்ணாரு. எத்தனை நாளாச்சு இந்த மனுஷன் கிண்டல் பண்ணி! எனக்குச் சந்தோஷம் தாங்கல. டீ கேட்டாரு, கொடுத்தேன். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்ளோதான் தண்ணின்னு கணக்கு உண்டு, ஜாஸ்தியானா கால் வீங்கிடும், மூச்சு வாங்கும். "இன்னும் அரை டம்ளர்"னாரு. ஒரு நாள்தானே, சிரிச்ச முகமா இருக்காரேன்னு அதையும் கொடுத்துத் தொலைச்சேன்.

பாபி செவுத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து எட்டிப் பாத்தாங்க. அவங்க வீட்டு பாய் பேரணாம்பட்டுக்கும் இங்கயுமா குட்டி யானை வண்டியில தோல் ஏத்திட்டுப் போறவரு. "இன்னா தங்கச்சி, பேஜாரு வேலையை இழுத்து வெச்சுக்கினு இருக்கே? மண்ணெண்ணெய் ஊத்தித் தேய், அழுக்கு போயிடும்"னாங்க. மண்ணெண்ணெய் கூடவே கூடாது, தீப்புடிச்சுக்கும்னு மெக்கானிக் சொல்லியிருக்காரு பாபின்னேன். "அப்போ தண்ணி மட்டும் நல்லதா? கரண்டு மேல தண்ணியா? யா அல்லா!"ன்னு வாயில கையை வெச்சுக்கிட்டாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தெளிவும் போயிடுச்சு. பானட்டுக்குள்ள எட்டிப் பாத்தா எல்லாம் ஒரே கறுப்பு. எது கரண்டு எடம், எது தண்ணி எடம், எது எண்ணெய் எடம்னு ஒரு எழவும் தெரியல. வீடியோவைப் பாத்துக்கிட்டே ஒவ்வொண்ணா விரலை வெச்சு வெச்சு, இது ஃபியூஸ் பெட்டி, இது பிளக்குக்குப் போற வயர், இது காத்து போற ஓட்டைன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேன். சரியாங்கன்னு அவரைத் திரும்பிப் பாத்தா, "உம்"னாரு.

மைனஸ் வயரைக் கழட்டினேன். மூடறதுக்கு வீடியோவுல பிளாஸ்டிக் கவர் சுத்துறான். எங்க வீட்ல அந்த மாதிரி கவர் இப்போ எது? கடையில கொடுக்கிறதை நிறுத்தி எவ்ளோ நாளாச்சு. இருந்த ஒண்ணு ரெண்டும் அவரு வாந்திக்குப் போயிடுச்சு. ஆனா தோல் இருக்கு. ஆம்பூர்ல எந்த வீட்ல தோல் இல்ல? நான் கம்பெனியிலருந்து ஷூவோட மேல்பாகம் வாங்கியாந்து வீட்ல உக்காந்து கையால தைக்கிறவ. அவரு தோல் பதனிடுற தொழிற்சாலையில ஸ்ப்ரே செக்‌ஷன் சூப்பர்வைசரா இருந்தவரு. காலைத் தொடைக்கிறது தோல், ஆடுற மேஜைக்கு முட்டுக் கொடுக்கிறது தோல், சூடான பாத்திரம் இறக்கி வெக்கிறது தோல். பரண்ல ஒரு மூட்டை கட் பீஸே கிடக்கு.

அந்த மூட்டையில நல்ல தோல் ஒண்ணு இருக்கிறது எனக்கு ஞாபகம் வந்துச்சு. மழை ஷூவுக்குப் போற தோல். அவரு வேலையில இருந்தப்போ அதைக் கொண்டாந்து, என் கண்ணு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணியை மேல ஊத்தி, "பாத்தியா, ஒரு சொட்டு உள்ள போவுதா?"ன்னு காட்டிப் பெருமையடிச்சாரு. போவல. அப்புறம் இதைவிட என்ன வேணும்? பரண்ல ஏறி எடுத்தாந்தேன். ஃபியூஸ் பெட்டி மேல ஒரு துண்டு, பிளக் வயர் மேல ஒரு துண்டு, அந்த ஓட்டை மேல ஒரு துண்டுன்னு நல்லா சுத்தி, தைக்கிற நூலால இறுக்கிக் கட்டினேன். கட்டி முடிச்சுட்டு பெருமையா அவரைப் பாத்தேன். அவரு கட்டினதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எதையோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் மூடிக்கிட்டாரு.

அடடா, குறை சொல்றதுக்கு ஒண்ணும் கிடைக்கல போலிருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

மருந்தைத் தண்ணியில கலந்து பிரஷ்ல தொட்டுத் தேய்ச்சேன். அழுக்கு கறுப்பா வழிஞ்சு ஓடுச்சு. சந்து பொந்துக்கெல்லாம் பழைய டூத் பிரஷ். துணி தேய்க்கிறப்போ தெளிக்கிற பாட்டிலால தண்ணி தெளிச்சு, தொடைச்சு, மறுபடி தெளிச்சு, தொடைச்சு. முதல்ல பயந்து பயந்துதான் தெளிச்சேன். அப்புறம் அடியில இருக்கிற உலோகம் வெள்ளையா தெரிய ஆரம்பிச்சதும் ஆசை வந்துடுச்சு. தோல்தான் கட்டியிருக்கேனே, இன்னா பயம்னு சொம்புல மொண்டு நல்லாவே ஊத்தினேன். சாயந்திரம் பாக்குறப்போ பானட்டுக்குள்ள முகம் பாக்கலாம். எஞ்சின் மூடி ஓரத்துல புதுசா ஒரு சொட்டு எண்ணெய் பளிச்சுன்னு நின்னுச்சு. கசியுற எடம்! கண்ணால பாத்துட்டேன்! கையைத் தட்டிட்டேன் நான்.

மெக்கானிக் சொன்னபடி கட்டினதை அவுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னு போனேன். "வேணாம்"னாரு அவரு. அன்னைக்கு முழுக்க அவரு சொன்ன மொத யோசனை அது. "ஈரத்தோட ஸ்டார்ட் பண்ணா ஷார்ட் ஆயிடும். ராத்திரி முழுக்க காத்தாட காயட்டும். கட்டினதை அவுக்காதே, எலி வந்து வயரைக் கடிக்கும். காலையில அவுத்துக்கலாம்."

உடனே ஓட விடணும்னு சொன்னாரே மெக்கானிக்னு கேட்டேன். "அவனுக்கு இன்னா தெரியும்?"னாரு. எனக்கு மறுபடி குழப்பம். ஆனா எங்க வீட்டுக்காரரு என் வேலையில அக்கறையா ஒரு வார்த்தை பேசினதே எனக்கு இனிச்சுது. சரின்னு பானட்டைச் சாத்திட்டேன். அன்னைக்கு அவரு ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, ரசம் தூக்கலாவே கேட்டாரு. பழைய கதையெல்லாம் பேசினாரு. நாளைக்குத் திங்கக்கிழமை, ஊசி குத்துற நாளு, அதுக்கு முந்தின நாள் இவரு இப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. ஞாயித்துக்கிழமைன்னாலே செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிறவரு. உடம்பு தேறுது போல, கடவுள் கண்ணைத் திறந்துட்டாருன்னு சாமி படத்துக்கு விளக்கு கூட ஏத்தினேன், பைத்தியக்காரி.

காலையில எழுந்து பாத்தா அவரு கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. விரலை வெச்சு அழுத்தினா பள்ளம் விழுது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் திங்கள்தான், நடுவுல ரெண்டு நாள் இடைவெளி, அதுவே உடம்புக்குக் கஷ்டம், திங்கக்கிழமை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தவறவே கூடாதுன்னு டாக்டர் என்கிட்ட அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்காரு. டீயும் ரசமும் சேந்து இப்படிப் பண்ணிடுச்சேன்னு என்னையே திட்டிக்கிட்டு, அவரை வாசல் நாற்காலியில உக்கார வெச்சுட்டு, பானட்டைத் திறந்தேன்.

தோலைத் தொட்டேன். தொளதொளன்னு இருந்துச்சு. நூலை அறுத்துப் பிரிச்சா தண்ணி சொட்டுது. ராத்திரி முழுக்க ஊறின ஈரம் பிளக் வயர் மேலயும் ஃபியூஸ் பெட்டி மேலயும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. காத்தாடக் காயறதாவது! மைனஸ் வயரை மாட்டி சாவியைத் திருப்பினேன். கிர்ர் கிர்ர்னு சுத்துது, பிடிக்கல. இன்னொரு தடவை. பிடிக்கல.

"விடு. இன்னைக்கு ஒரு நாளு போவலன்னா இன்னா"ன்னு நாற்காலியிலருந்து குரல் வந்துச்சு. அந்தக் குரல் ரொம்ப சீக்கிரமா வந்துச்சு. வண்டி பிடிக்கலன்னு வருத்தப்படவே இல்ல அந்தக் குரல்.

தண்ணி புகாத தோல் எப்படித் தண்ணி குடிச்சுது? கையில இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எனக்குச் சட்டுன்னு உறைச்சுது. கோட்டிங் ஒரு பக்கம்தான். மினுக்குற பக்கம். அதுதான் தண்ணியை விடாது. சொரசொரப்பான பின்பக்கம் சொம்பு சொம்பா குடிக்கும். நான் மினுக்குற பக்கத்தை உள்ள வெச்சு, சொரசொரப்பை வெளிய வெச்சுக் கட்டியிருக்கேன். வேணும்னு பண்ணல, கைப்பழக்கம். தோலைச் சுருட்டினாலும் மடிச்சாலும் கட்டினாலும் மினுக்குற பக்கம் உள்ளதான் போவணும், வெளிய இருந்தா கீறல் விழும், கீறல் விழுந்தா சரக்கு திரும்பி வந்துடும். எங்க ஊர்ல தோலைத் தொட்ட எந்தக் கையும் அப்படித்தான் கட்டும்.

என் கைக்குப் புத்தியில்ல, சரி. ஆனா அந்தக் கோட்டிங்கை அடிச்ச ஆளே எதிர்ல நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரே! எந்தப் பக்கம் தண்ணி நிக்கும், எந்தப் பக்கம் குடிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மனுஷன். வாயைத் திறந்து மூடினாரே. எலி வரும்னாரே. தோலைக் கடிக்காம நேரா வயருக்குப் போற எலி எந்த ஊர்ல இருக்கு?

கையில ஈரத் தோலோட போய் அவரு முன்னாடி நின்னேன். "உங்களுக்குத் தெரியும்தானே?"

தெருவையே பாத்துக்கிட்டு "தெரியும்"னாரு.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நான் வரலன்னா நீ அழுவ. திட்டுவ. வண்டியே வரலன்னா யாரு மேலயும் தப்பில்லல்ல? ஒரு திங்கக்கிழமை வீட்ல இருக்கலாம்னு பாத்தேன்டி. ஊசி இல்லாம."

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தத் தோலைத் தூக்கி வாசல்ல விட்டெறிஞ்சேன். என்னை முட்டாளாக்கிட்டியே, நேத்து சிரிச்சதெல்லாம் இதுக்குத்தானா, நான் விளக்கு ஏத்தினேனேன்னு கத்தினேன். பக்கத்துல யாரு கேட்டா எனக்கென்ன? கத்தி முடிச்சதும் "ஒரு திங்கக்கிழமை மட்டுமா? இல்ல இனிமே எதுவுமே வேணாமா? அதைச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். அவரு தலையைக் குனிஞ்சு வீங்கின காலைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கோவப்படுறதா, கட்டிக்கிட்டு அழுவுறதான்னு எனக்குத் தெரியல. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், எதிர்ல உக்காந்திருக்கிற ஆளு மனசுல இன்னா இருக்குதுன்னு எனக்கு ஒண்ணுமே புரியல.

புரியலன்னாலும் கை சும்மா இருக்குமா? மெக்கானிக்குக்கு போன் போட்டேன். சொல்ற ஏச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு, அவரு சொன்னபடி பிளக் வயரை ஒவ்வொண்ணா உருவித் தொடைச்சு, உள்ள வாயால ஊதி, எங்க பொண்ணு கல்யாணமாகிப் போனப்போ விட்டுட்டுப் போன தலை காய வெக்கிற மெஷினை ஒயர் இழுத்து மாட்டி, தூரமா பிடிச்சு சூடு காட்டினேன். டயாலிசிஸ் நர்சுக்கு போன் போட்டு லேட்டாகும்மான்னேன், சீக்கிரம் வாங்க, வேற ஒருத்தரை அந்த பெட்ல போட்டுடுவோம்னுச்சு அந்தப் பொண்ணு. நடுவுல செவுத்தோரமா போய் பாபிகிட்ட மெதுவா விஷயத்தைச் சொன்னேன். "கவலையே படாதே. பாய் வண்டியைக் கிளப்பாம நிப்பாரு. முன் சீட்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம்"னாங்க. குட்டி யானை தெருமுனையில நின்னுச்சு. அதை நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல.

எல்லாம் மாட்டி முடிச்சுட்டு அவரைத் தோளோட பிடிச்சுத் தூக்கினேன். வழக்கமா உக்கார வெக்கிற சீட்டுல உக்கார வெக்கல. ஓட்டுற சீட்டுல உக்கார வெச்சேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அவரு அதுல உக்காந்தாரு. சாவியை அவரு கையில கொடுத்தேன்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. பிடிச்சா போவலாம். பிடிக்கலன்னா வீட்லயே இருங்க. நான் அழ மாட்டேன், திட்ட மாட்டேன்"னேன். பொய்தான். ஆனா குரல் நடுங்காம சொன்னேன்.

அவரு என்னைப் பாத்தாரு. சாவியைப் பாத்தாரு. போட்டுத் திருப்பினாரு. கிர்ர் கிர்ர் கிர்ர்னு சுத்தி நின்னுபோச்சு.

நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பிடிக்கலன்னா வீட்லயே இருங்கன்னு நான் சொல்லியாச்சு, அவரு கேட்ட திங்கக்கிழமை அவரு கையிலயே இருக்கு. செவுத்துக்கு அந்தப் பக்கம் பாபி தலை தெரிஞ்சுது. அவரு ஸ்டீயரிங் மேல கையை வெச்சுக்கிட்டு, நான் கழுவின எஞ்சின் இருக்கிற பக்கமா கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தாரு. 

அப்புறம் இன்னொரு தடவை திருப்பினாரு. யாரும் சொல்லல, அவரா திருப்பினாரு. மறுபடி கிர்ர்னுச்சு, இருமுச்சு, விடாம சாவியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வீங்கின காலால ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சாரு. வண்டி குலுங்கிப் பிடிச்சுக்கிச்சு.

நான் செவுத்துப் பக்கம் திரும்பி, பாய் வண்டி வேணாம்னு கையை ஆட்டினேன். கண்ணு ரெண்டையும் தண்ணி மறைச்சுக்கிட்டு பாபி முகம் சரியா தெரியல.

"நின்னுக்கினே இருக்கே?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு, பழைய சூப்பர்வைசர் குரல்ல. "வீட்டுக் கதவைப் பூட்டிட்டு வா. லேட்டாவுது."